ஐப்ரோ அடக்க விலை 41 ரூபாய்!

பி.காம். படித்தவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு ஸார். சொந்தத்தில் யார் கடை போட்டாலும், "கணக்கை ஒரு பார்வை பாத்துடேன்" என்று நோட்டை நீட்டுவார்கள். காபி உண்டு, ஃபீஸ் கிடையாது. மளிகைக் கடை, மாவு மில் என்று பார்த்துப் பழகிய எனக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது... ஒரு ப்யூட்டி பார்லர்!

முதலாளி என் தங்கை. திண்டிவனத்தில் ஒரு வாடகை ரூம், ஒரே ஒரு சேர், ஒரு ஸ்டீமர், உதவிக்கு ஒரு பெண். "மூடிடலாம்னு இருக்கேண்ணா. நாள் பூரா நின்னு காலு வீங்குது. மாசக் கடைசியில நாலாயிரம்கூட நிக்க மாட்டேங்குது. துணிக்கடைக்குப் போனாக்கூட பன்னெண்டாயிரம் தருவாங்க" என்று போனில் அழாத குறை. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

"ரேட்டெல்லாம் எப்படிம்மா போட்டே?"

"அடுத்த தெரு பார்லர்ல ஃபேஷியல் 450. அதான் நான் 400."

"அவங்க எப்படிப் போட்டாங்க?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல 500. அதைப் பாத்து..."

ஆக, மூன்று பேரும் ஒருவர் பேப்பரை ஒருவர் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள். முதல் பேப்பரில் விடை சரியா என்பது யாருக்கும் தெரியாது!

உட்கார்ந்து எழுதினேன். வாடகை 6,000. கரண்ட் 1,500. உதவிப் பெண் சம்பளம் 8,000. டவல் வெளுப்பது, தண்ணீர் கேன் 1,000. சேர், ஸ்டீமர் எல்லாம் 54,000 ரூபாய்க்கு வாங்கியது. மூன்று வருஷம் உழைக்கும் என்றால் மாதத் தேய்மானம் 1,500. மொத்தம் 18,000.

"உன் சம்பளம்?"

"எனக்கு எதுக்குண்ணா?"

பக்கத்திலிருந்த மாப்பிள்ளையும், "வீட்டு ஆளுக்கு எதுக்கு மச்சான் சம்பளம்?" என்றார். "நீங்க ஆபீஸ்ல சும்மா வேலை பாப்பீங்களா மாப்ளே?" என்றேன். பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். துணிக்கடையில் தருவதாகச் சொன்ன அதே 12,000-ஐ எழுதினேன். ஆக மொத்தம் 30,000.

மாதம் 25 நாள், தினம் 8 மணி நேரம். அதில் சேரில் ஆள் உட்கார்ந்திருப்பது பாதி நேரம்தான். அதாவது 100 மணி, 6,000 நிமிஷம். 30,000-ஐ 6,000-ஆல் வகுத்தால், நிமிஷத்துக்கு 5 ரூபாய்!

ஐப்ரோ த்ரெட்டிங்குக்கு 8 நிமிஷம், நூல் ஒரு ரூபாய். அடக்கம் 41. அவள் வாங்குவது 40. போகட்டும், ஆள் வர அதுதான் வாசற்படி.

ஃபேஷியல்தான் வில்லன். ஒரு மணி நேரத்துக்கு 300. கிரீம் கிட் 1,200. கைக்கு வந்தபடி எடுத்ததில் 6 பேருக்குத்தான் வந்தது. ஆளுக்கு 200. அடக்கம் 500, வாங்கியது 400! மற்ற செலவெல்லாம் போக, ஒரு மணி நேரம் நின்று தேய்த்ததற்கு அவளுக்கு மிஞ்சிய கூலி 20 ரூபாய்.

"ரேட்டை ஏத்தினா ஒருத்தியும் வரமாட்டாண்ணா" என்றாள். நியாயமான பயம். இதற்குப் பக்கத்து ஊரிலேயே வழி இருக்கிறது. கடலூர் சின்னி கிருஷ்ணன், பாட்டில் வாங்க முடியாதவர்களும் வாங்கட்டும் என்று சாஷேயில் அடைத்து விற்றவர். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. இன்னொரு மகன் குமாரவேல், மனைவி வீணாவோடு 2000-ல் சென்னையில் தொடங்கியது நேச்சுரல்ஸ் சலூன். சாஷேயின் சூட்சுமம் என்ன? அளவைக் குறைத்து, கையிலிருக்கும் காசுக்குள் கொண்டுவந்தது.

அதையே செய்தோம். ஃபேஷியல் 500. கிரீமை ஸ்பூனால் அளந்து எடுத்தால் கிட் 8 பேருக்கு வரும். அடக்கம் 450 ஆகிவிடும். 500 கொடுக்க யோசிப்பவர்களுக்கு அரை மணி நேர க்ளீன்-அப் 250. அதற்கு நேரம் 150, கிரீம் 50, அடக்கம் 200. மத்தியானம் காலியாகக் கிடக்கும் சேருக்குக் காலேஜ் பெண்களை இழுக்க ஒரு சலுகை. சேர் 7,500 நிமிஷம் ஓடினால், 5 ரூபாய் 4 ரூபாயாகிவிடுமே!

நடுவில் ஒரு கஸ்டமர், "டி.வி.யில சொன்னாங்களே, வரி குறைஞ்சும் நீ ரேட்டைக் குறைக்கலியே?" என்று மடக்கியிருக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் சலூனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது வாஸ்தவம்தான். கூடவே, வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போய்விட்டது. என் தங்கை மாதிரி வருஷம் 20 லட்சத்துக்குள் வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. வாங்காத வரியை எப்படிக் குறைப்பது?

கடையை மூடும் பேச்சு இப்போதைக்கு இல்லை. ஃபேஷியலுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். க்ளீன்-அப்புக்குப் புதுசாகச் சிலர் வருகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் தையல் மெஷினோ, டிபன் கடையோ நடத்துகிற அம்மா, அக்கா, மனைவி யாராவது இருப்பார்கள். இன்று ராத்திரி அந்த நோட்டை வாங்கிச் செலவுப் பக்கத்தைப் பாருங்கள். அவர் சம்பளம் என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை எழுதுங்கள். லாபமா, நஷ்டமா என்பதை அப்புறம் பேசலாம்.