ஸ்டாண்டுல என்ன இருக்கு?

மார்ச் முடிஞ்சு, ஆடிட்டர்களும் கிளம்பி, இன்னிக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா கையில கிடைச்சிருக்கு. இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன். தள்ளிப் போட்டதுக்குக் காரணம் வேலை இல்லை, வெட்கம். சரி, சொல்லிடுறேன்.

என் சித்தி மகன், எனக்கு எட்டு வயசு இளையவன், என்னை மாதிரியே கோவில்பட்டியில இருந்து பெங்களூரு வந்தவன். ஓசூர் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் பார்த்துக்கிட்டு இருந்தான். 2023-ல வேலை போச்சு. கையில கொஞ்சம் செட்டில்மெண்ட் பணம், வீட்டுல எல்கேஜி போற பொண்ணு, மாசமான பொண்டாட்டி. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபி ஆறுற வரைக்கும் பேசாம உக்காந்திருந்தான். அப்புறம், "அண்ணே, பபிள்கம் மெஷின் போடலாம்னு இருக்கேன். நீங்க கணக்கு பார்த்துச் சொல்லுங்க"ன்னான்.

மால்ல எல்லாம் பார்த்திருப்பீங்க. மேல கண்ணாடிக் கூண்டு, உள்ள கலர் கலரா உருண்டை. காசைப் போட்டு கைப்பிடியைத் திருகினா ஒண்ணு உருண்டு வரும். கரண்டு வேண்டாம், ஆள் வேண்டாம். கடைக்காரர் ஒரு அடி இடம் தருவார், வசூல்ல கால் பங்கு அவருக்கு. ஊர்ல கருணாகடலை, தேன்மிட்டாய்னு பாட்டில் பாட்டிலா வச்சு உக்காந்திருப்பாங்களே, அந்தப் பெட்டிக்கடையேதான், ஆள் மட்டும் இல்லாம. (தேன்மிட்டாயை இதுல போட முடியுமான்னு கேட்டான். ஒட்டிக்கும்டா, உருண்டையா காய்ஞ்ச மிட்டாய்தான் ஓடும்னு சொன்னேன்.)

பேங்க்காரன் தனியா தொழில் பண்ணக்கூடாது. கணக்குப் போட்டுக் கொடுக்கறதுக்குத் தடை இல்லையே! எக்செல் ஷீட் திறந்தேன். அதுல முதல் கேள்வி, எந்தக் காசு? இது சாதாரணக் கேள்வி இல்லை. இந்த மெஷின் காசோட விட்டத்தையும் கனத்தையும்தான் பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. 5 ரூபாய் காசு ரொம்ப வருஷமா 23 மி.மீ. 2019-ல அறிவிச்ச புது வரிசையில அது 25 மி.மீ. ஆயிடுச்சு. அதே வரிசையில புது 2 ரூபாய் 23 மி.மீ. தொண்ணூறுகள்ல வந்த பழைய 1 ரூபாயோ 25 மி.மீ. அதாவது 5 ரூபாய்க்குன்னு மெஷினை வச்சா, பழைய அளவுக்கு வச்சாலும் புது அளவுக்கு வச்சாலும் வேற காசு நுழையப் பார்க்கும். 10 ரூபாய் மட்டும் 2009-ல புழக்கத்துக்கு வந்ததிலிருந்து 27 மி.மீ.தான். 20 ரூபாயும் அதே 27. யாராவது மாத்திப் போட்டா நமக்குத்தான் லாபம் :-) ஆகவே 10 ரூபாய்னு முடிவு பண்ணோம்.

நம்ம ஊர்ல 10 ரூபாய் காசு செல்லாதுன்னு ஒரு புரளி சுத்திச்சே, ஞாபகம் இருக்கா? 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில அறிக்கையே விட்டது. அப்பவும் கவுண்டர்ல நான் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்! இப்ப கவலை வேற. எல்லாரும் ஃபோன்ல காட்டிட்டுப் போறாங்க, பாக்கெட்டுல காசே இல்லை. அதனால சில்லறை புழங்கற கடையாப் பார்த்துப் பிடிக்கச் சொன்னேன்: பேக்கரி, ஸ்டேஷனரி கடை, சலூன், அபார்ட்மெண்ட் வாசல்ல இருக்கற சூப்பர் மார்க்கெட். உணவுப் பொருள் விக்கறதால எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் வாங்க வச்சேன். எல்லாம் பக்காவாத்தான் பண்ணினேன்.

கடைசியா வந்தது ஸ்டாண்டு. ரெண்டு வகை பார்த்து வந்திருந்தான். ஒண்ணு, வார்ப்பிரும்பு அடித்தட்டு, நடுவுல தடிச்ச பைப், உள்ள மேலிருந்து கீழ வரைக்கும் ஓடற நீளக் கம்பி, அதை அடியில நட்டு போட்டு முறுக்கி மெஷினைக் கட்டிப் பிடிக்கும். தூக்கவே ரெண்டு கை வேணும். இன்னொண்ணு, மெல்லிசு பைப், தகரத்துல வட்டத் தட்டு, பளபளன்னு பெயிண்ட். ஒண்ணுக்கு 2,000 ரூபாய் வித்தியாசம்.

"அண்ணே, கனமானதே வாங்கிரலாமா?"ன்னு அவன்தான் கேட்டான்.

நான் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. "ஸ்டாண்டுல என்ன இருக்கு? வெறும் பைப்பு. அதுவா சம்பாதிச்சுத் தரப்போகுது? நாலு மெஷினுக்கு 8,000 ரூபா. அதை மிட்டாய்ல போடு."

அண்ணன் சொல்லிட்டேன், அதுக்கு மேல அவன் பேசலை.

ரெண்டு மாசம் நல்லாத்தான் போச்சு. ஞாயிறு காலையில சாவியும் துணிப்பையுமா கிளம்புவான், காசை எண்ணி நோட்டுல எழுதுவான். மூணாவது மாசம், சனிக்கிழமை சாயங்காலம் ஃபோன். "அண்ணே, கொஞ்சம் வர முடியுமா?" குரலே சரியில்லை.

ஸ்டேஷனரி கடை. நாலு வயசுப் பொண்ணு, கைப்பிடி திரும்பலைன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பின்னால சாஞ்சு இழுத்திருக்கு. மெஷின் ஸ்டாண்டோட அது மேலயே வந்திருக்கு. நாங்க போறப்ப தரையெல்லாம் உடைஞ்ச சில்லும் கலர் உருண்டையும். பிள்ளையைப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க. தாடையில மூணு தையல். கண்ணுக்கு ரெண்டு விரல்கடை கீழ ஒரு கீறல்.

அந்த ரெண்டு விரல்கடையை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயித்தைப் பிசையுது.

பிள்ளையோட அப்பா சத்தம் போடலை. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. மடியில பிள்ளையை வச்சுக்கிட்டு, "இதை யார் இங்க வச்சாங்க?"ன்னு மட்டும் கேட்டார். தம்பி முன்னால போய், "நான்தாங்க"ன்னான். நான் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். வைத்தியச் செலவை வேண்டாம்னுட்டார். கடைக்காரர் மட்டும், "சார், தகொண்டு ஹோகிபிடி"ன்னார். எடுத்துக்கிட்டுப் போயிடுங்கன்னு. வேற ஒரு வார்த்தை சொல்லலை.

அன்னிக்கு ராத்திரியே மத்த மூணு கடைக்கும் போய் மெஷினைக் கழட்டிக்கிட்டு வந்தோம். வர்ற வழியில, "என்னாலதான்டா"ன்னேன். "வாங்கினது நான்தானண்ணே"ன்னான். அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசலை.

ஞாயிறு காலையில கூடத்துல ஒரு மெஷினை நிறுத்தினேன். நம்ம எல்லார் வீட்டுலயும் ஏர்போர்ட் போறதுக்கு முன்னால பெட்டி எடை பார்க்க ஒரு கொக்கித் தராசு இருக்குமே, அதைக் கைப்பிடியில மாட்டி மெல்ல முன்னால இழுத்தேன். ரெண்டு கிலோ காட்டுறப்ப அடித்தட்டோட பின் ஓரம் தரையை விட்டு எழும்பிடுச்சு. வெறும் ரெண்டு கிலோ! ஒரு தண்ணி பாட்டிலைத் தூக்கற பலம்.

அப்புறம்தான் உக்காந்து கணக்குப் போட்டேன். பி.காம். படிச்சவனுக்கும் புரியற கணக்குதான். மெஷின் 5 கிலோ. உள்ள 350 உருண்டை, ஒண்ணு 8 கிராம்னா 2.8 கிலோ. ஸ்டாண்டு 4 கிலோ. எல்லாம் சேர்த்து 12 கிலோன்னு வைங்க. அடித்தட்டு 30 செ.மீ. அகலம், அதுல பாதி 15. கைப்பிடி 90 செ.மீ. உயரத்துல. 12-ஐ 15-ஆல பெருக்கி 90-ஆல வகுத்தா 2. தராசு காட்டினதும் அதுதான்.

இன்னொண்ணும் கவனிச்சேன். விக்க விக்க மேல்பாரம் குறையும்னு மனசுக்குள்ள ஒரு நினைப்பு இருந்துச்சு. குறையாது. 8 கிராம் உருண்டை வெளிய போறப்ப 7.7 கிராம் எடையுள்ள 10 ரூபாய் காசு உள்ள விழுது. காசுப் பெட்டியும் ஸ்டாண்டுக்கு மேல, மெஷினுக்குள்ளதான் இருக்கு. வியாபாரம் எவ்வளவு நல்லா நடந்தாலும் தலைக்கனம் அப்படியேதான். (சில மனுஷங்களும் அப்படித்தான், விடுங்க.)

இந்த மாதிரி மெஷின் ஒண்ணும் புதுசு இல்லை. 1888-லயே நியூயார்க் ரயில் மேடையில தாமஸ் ஆடம்ஸ் கம்பெனி சூயிங்கம் மெஷின் வச்சது. நமக்குத் தெரிஞ்சது ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின். சின்ன வயசுல மதுரை ஜங்ஷன்ல லைட்டு மினுக்க, சக்கரம் சுத்த நிக்குமே. ஏறி நின்னு காசு போட்டா எடையும் ஜோசியமும் அச்சடிச்ச அட்டை விழும். எத்தனை பிள்ளைங்க தொங்கியிருப்போம், ஏறிக் குதிச்சிருப்போம்! அசைஞ்சதா? தரையோட உக்காந்த இரும்புப் பெட்டி அது, அதுக்கு ஸ்டாண்டே தேவையில்லை. 2022 ஜூன்ல கோயம்பேடு மார்க்கெட்டுல 10 ரூபாய்க்கு மஞ்சப்பை தர்ற மெஷின் வச்சாங்களே, அதுவும் பீரோ மாதிரி தரையில நிக்கறதுதான். ஒத்தைக் காலுல தலைபாரமா நிக்கறது இந்த மிட்டாய் மெஷின். அதைத் தொடப் போறதும் பிள்ளைங்கதான்.

அதுக்கப்புறம் நாங்க கத்துக்கிட்டதைச் சொல்றேன். யாருக்காவது உதவும்.

அடித்தட்டு கனமா இருந்தா மட்டும் போதாது, அகலமாவும் இருக்கணும். ஜிம்முல போடுற 20 கிலோ வார்ப்பிரும்பு வட்டு பழசாக் கிடைச்சது. நடுவுல ஓட்டை இருக்கறதால கம்பி உள்ள போகும். அகலம் 45 செ.மீ. பீன்யாவுல ஒரு பட்டறையில பைப்பை அதுக்குத் தகுந்தபடி பண்ணிக் கொடுத்தாங்க. இப்ப மொத்தம் 30 கிலோ, பாதி அகலம் 22.5. அதே கணக்குப்படி ஏழரை கிலோ இழுத்தாத்தான் எழும்பும். ஊர்ல வாலிபால் கம்பத்துக்கு டயருக்குள்ள கான்கிரீட் போடுவாங்களே, அதே யோசனைதான்.

ஆனா நாலு வயசுப் பிள்ளையோட எடைக்கு ஏழரை கிலோ எந்த மூலைக்கு? அதனால சுவர் பிடிமானம் கட்டாயம். மெஷினோட கழுத்துல ஒரு பட்டை, சுவர்ல ரெண்டு போல்ட்டு. சுவர்ல ஓட்டை போடக்கூடாதுன்னு சொல்ற கடையில மெஷின் வைக்காதீங்க, அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரன் வச்சிருக்கானேன்னு பார்க்காதீங்க.

ரெண்டு மூணு மெஷின் சேர்த்து வைக்கறதா இருந்தா ஒத்தைப் பைப் வேண்டாம், நாலு கால் ஸ்டாண்டு வாங்குங்க. சக்கரம் வச்சது கூட்டிப் பெருக்க வசதிதான், ஆனா பூட்டு இல்லாத சக்கரம் வேண்டவே வேண்டாம். வாசல் படி, சரிவான கிரானைட் ஓரம், மழைத் தண்ணி தெறிக்கற இடம் எல்லாம் ஆகாது. அடியில துரு பிடிச்சா வெளிய தெரியாது. மாசம் ஒரு தடவை நட்டை முறுக்கிப் பாருங்க, திருகித் திருகியே அது தளரும். கண்ணாடிக்குப் பதிலா உடையாத பிளாஸ்டிக் கூண்டு நல்லது. உருண்டை தொண்டையில சிக்கும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்கன்னு கன்னடம், தமிழ் ரெண்டுலயும் எழுதி ஒட்டியிருக்கோம்.

இருபது வருஷமா நான் பார்க்கற உத்தியோகத்துல, ஒரு பேங்க்கோட கையிருப்பை சும்மா கிடக்குற பணம்னு யாராவது சொன்னா சண்டைக்குப் போவேன். அது சம்பாதிக்கறதுக்கு இல்லை, விழாம இருக்கறதுக்குன்னு டிரெயினிங்ல கிளாஸே எடுத்திருக்கேன். அதையே ஒரு இரும்புத் தட்டா எதிர்ல வச்சப்ப எனக்கு அடையாளம் தெரியலை.

இப்ப மூணு மெஷின் ஓடுது. பெரிசா ஒண்ணும் இல்லை, பொண்ணோட ஸ்கூல் ஃபீஸுக்கு வருது. பகல்ல அவன் வேற ஒரு குடோன்ல வேலைக்குப் போறான். புதுசா ஒரு கடையில வைக்கறதுன்னா முதல்ல கொக்கித் தராசோட நான் போகணும்னு எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு.

அந்த ஸ்டேஷனரி கடைக்கு போன மாசம் பேனா வாங்கப் போனேன். அந்தப் பொண்ணு அவங்க அப்பாவோட வந்திருந்தது. தாடையில மெல்லிசா ஒரு கோடு. என்னை அடையாளம் தெரியலை. அவருக்குத் தெரிஞ்சது, லேசாத் தலையாட்டினார். மெஷின் இருந்த மூலையில இப்ப சார்ட் பேப்பர் சுருட்டி வச்சிருக்காங்க. அந்தப் பிள்ளை அந்த மூலையையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்பா, இல்லி மிட்டாய் மெஷின் இத்தல்லா?"ன்னு கேட்டது.

பில்லைக் கூட வாங்காம வந்துட்டேன்.