முதல் கவளம்

நான் ஏழாம் வகுப்பில் பயின்றபோது, டெல்லியில் எங்கள் வீட்டிற்குப் புதிய விருந்தாளி ஒன்று வந்தது. வெளிநாட்டுப் பணிக்குச் சென்ற அத்தை, தாம் வளர்த்த ஆக்சலாட்டலை என்னிடம் ஒப்படைத்தார்.

மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ நீர்நிலைகளே அதன் தாயகம். தவளையைப் போல அதுவும் நீர்நில வாழ்வி. ஆயினும், இறகு போன்ற செவுள்களுடன் வாழ்நாள் முழுவதும் நீரிலேயே வாழும். இழந்த காலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு உண்டு. அத்தகைய உயிர், எங்கள் வீட்டில் ஒரு வாய் உணவையும் உண்ண மறுத்தது.

முதல் நாள் உணவு உருண்டைகளை இட்டேன், அது அசையவில்லை. இரண்டாம் நாள் இன்னும் மிகுதியாக இட்டேன். மூன்றாம் நாள் உண்ணாத உணவு அழுகி, நீர் கலங்கியது. நான்காம் நாள் அதன் செவுள்கள் முன்னோக்கி வளைந்திருந்தன. அது இறந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அன்று எனக்கும் உணவு இறங்கவில்லை.

பாட்டி என் அருகில் அமர்ந்தார். "மதுரையிலிருந்து இங்கு வந்தபோது நீயும் இப்படித்தான் இருந்தாய், கண்ணா. நாங்கள் ஊட்ட ஊட்ட வாயை இறுக மூடிக்கொண்டாய். பிறகு, உன் பழைய தட்டைத் தேடி எடுத்துத் தயிர்சோறு வைத்துவிட்டு, நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். நீயே உண்டாய். இதன் பழைய வழக்கம் என்னவென்று அத்தையைக் கேட்டுப் பார்" என்றார்.

தொலைபேசியில் அத்தை உணவைப் பற்றி முதலில் கேட்கவில்லை. நீரின் வெப்பத்தைக் கேட்டார். வெப்பமானி 24 டிகிரி செல்சியசைக் காட்டியது. தொட்டியை வெயில் விழும் சன்னலோரம் வைத்தது என் தவறு.

"16 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த நீர்தான் அதற்கு ஏற்றது. அதற்கு இமைகள் இல்லை, வெளிச்சம் வருத்தும். பார்வையும் குறைவு. மணத்தாலும் நீரின் அசைவாலும் இரையை அறியும். இருட்டிய பின் மண்புழுவைக் கொடு" என்றார்.

அப்பாவும் நானும் தொட்டியை நிழலான மூலைக்கு மாற்றினோம். அழுகிய உணவை அகற்றி, குளோரின் நீக்கிய நீரைச் சேர்த்தோம். வடிகட்டியின் நீரோட்டத்தைக் குறைத்தோம். ஒளிந்துகொள்ள ஒரு சிறு மண்சட்டியைச் சாய்த்து வைத்தோம். நீரின்மேல் காற்றுப்படுமாறு சிறிய மின்விசிறியை ஓடவிட்டோம். கார்த்திகைக் குளிரும் துணைநின்றது. இரண்டு நாளில் நீர் 18 டிகிரிக்குக் குளிர்ந்தது.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, இடுக்கியில் மண்புழுத் துண்டொன்றைப் பிடித்து அதன் வாயருகே மெல்ல அசைத்தேன். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. கை வலித்தது. திடீரென்று அது வாயைத் திறந்து, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொண்டது! மகிழ்ச்சியில் கத்த வந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பாட்டி ஒன்றும் பேசாமல் என் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

மறுவாரம் எங்கள் வகுப்பிற்கு ஒடிசாவிலிருந்து ஒரு மாணவன் வந்தான். உணவு இடைவேளையில் அவன் தன் டப்பாவைத் திறக்கவே இல்லை. "ஏன் சாப்பிடவில்லை?" என்று நான் கேட்கவில்லை. அவனருகில் அமர்ந்து, என் டப்பாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.

சிந்தித்து எழுதுக

1. ஆக்சலாட்டல் உண்ண மறுத்ததற்கான காரணங்கள் யாவை?
2. நீங்கள் புதிய ஊருக்கோ பள்ளிக்கோ சென்றபோது உங்களுக்குத் துணைநின்றவர் யார்? ஐந்து வரிகளில் எழுதுக.