இட்லிக் கொப்பரையும் எக்ஸாஸ்ட் ஃபேனும்

பி.காம். படிக்கிறவனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது நண்பர்களே! உற்பத்தியோடு ஏறி இறங்குவது மாறும் செலவு, அப்படியே நிற்பது நிலைச் செலவு என்று வகுப்பில் படிக்கிறோம். அந்தக் கண்ணோடு எங்கள் காஞ்சிபுரத்து ஹோட்டல் சமையலறைகளைப் பார்த்தேன். முகூர்த்த நாளில் பட்டு எடுக்க வருகிறவர்களும் கோயிலுக்கு வருகிறவர்களுமாக இடம் கிடைக்காது. மறுநாள் பாதி மேசை காலி. ஆனால் அடுப்பும் ஃபேனும் இரண்டு நாளும் ஒரே வேகம்தான். மாறும் செலவாக இருக்க வேண்டிய கேஸும் கரண்டும் நிலைச் செலவாகி உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் கேஸ். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி ஊரறிந்தது. மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் ஆவியிலேயே பொறுமையாக வேகும். ஹோட்டல் கொப்பரையிலும் வேக வைப்பது அதே ஆவிதான். தட்டெல்லாம் சூடேறி ஆவி நன்றாக வந்துவிட்டால், அப்புறம் தீயைக் கூட்டினாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர்தான் வேகமாக வற்றும். 30 டிகிரி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல் அதை ஆவியாக்க வேண்டும். தீயில் பாதிச் சூடு பாத்திரத்துக்குப் போவதாக வைத்தாலும், 10 லிட்டரை வீணாக வற்றவிட ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் போய்விடும். வணிக சிலிண்டரில் இருப்பதே 19 கிலோ!

அந்த ஆவியும் அனலும் எங்கே போகும்? எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ள வேண்டும். காசு கொடுத்துச் சூட்டை வாங்கி, மறுபடி காசு கொடுத்துத் துரத்துகிறோம். ஏ.சி. ஹால் உள்ள ஹோட்டலில் மூன்றாவது செலவும் உண்டு. வெளியே போகிற காற்றுக்கு ஈடாகக் காற்று வர வேண்டுமே? சமையலறைக்குத் தனி வழி வைக்காவிட்டால், ஹாலில் குளிரவைத்த காற்றைத்தான் ஃபேன் இழுக்கும்.

"அப்படியானால் ஃபேனை நிறுத்திவிடலாமே" என்பது சில முதலாளிகளின் சிக்கனம். அது சிக்கனம் அல்ல, ஆபத்து. கல்லின் முன் நிற்கும் மாஸ்டர் அனலையும் புகையையும் சுவாசிப்பார். அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடும் சேரலாம்.

நிறுத்த வேண்டாம், வேலைக்குத் தக்கபடி ஓட்டினால் போதும். ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும் (0.8 x 0.8 x 0.8 = 0.51). வேகத்தை மாற்ற வி.எஃப்.டி. என்ற கருவி இருக்கிறது. பூரி, தோசை நேரத்தில் முழு வேகம். மதியம் மூன்று மணிக்குக் குறைந்த வேகம். ஹூட் அடுப்பின் விளிம்பைத் தாண்டி மூடியிருந்து, அதன் ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்கு அடையாமலும் இருந்தால் குறைந்த காற்றிலேயே புகை பிடிபடும்.

திருமலையில் 2002-ல் அன்னதானத்துக்குச் சூரிய வெப்பத்தில் நீராவி உண்டாக்கும் அமைப்பையே நிறுவினார்கள். அது பெரிய இடம். டிபன் கடைக்காரர் மூடி போடுவதிலும், ஆவி வந்ததும் தீயைக் குறைப்பதிலும், பர்னரைச் சுத்தமாக வைப்பதிலும் ஆரம்பிக்கலாம். இதற்கெல்லாம் முதலீடே இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அடுப்பில் மிச்சமாகும் கேஸ் முதலாளியின் கணக்கில் லாபம். அதே சமயம், எரியாத அந்தக் கேஸின் அனல் மாஸ்டர் முகத்தில் அடிக்காது. அந்த வரவுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் தலைப்பு இல்லை. ஆனால் முதலில் எழுத வேண்டிய வரவு அதுதான் என்று நினைக்கிறேன்.