மந்தர ஸ்தாயி

பேஸ் கிதார் வாங்கப் போனேன். முப்பத்தாறு வயதில், பாங்க் கவுண்டரில் நோட்டு எண்ணுகிறவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் நாலு பேர் ஒரு மாடி அறையில் வாசிக்கிறோம். இதுவரை இரவல் வாத்தியம். அதன் சொந்தக்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். காரணம் அவ்வளவுதான்.

கூட வந்த நண்பர் கிதார் வாசிப்பவர், கவிஞர். இரண்டு வருஷம் முன்பு இதே பத்திரிகையில் அவருடைய தொகுப்பைப் பற்றிக் ‘குரல் எழவில்லை’ என்று எழுதியவன் நான். அதுபற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மவுண்ட் ரோடு கடையில் என் சம்பளத்துக்கு எட்டுகிற விலையில் இரண்டு இருந்தன. இரண்டும் லியோ ஃபெண்டரின் வழியில் வந்த வார்ப்புகள். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்தும் மேடையில் காதில் விழாமல் போன வாத்தியக்காரர்களுக்கு 1951-ல் அவர் தந்தது பிரிஸிஷன் பேஸ். ஃப்ரெட் இருப்பதால் ஸ்வரம் துல்லியமாக நிற்கும். அதனால் அந்தப் பெயர். ஜாஸ் பேஸ் 1960-ல் வந்தது. கழுத்து மெலிசு, பிக்-அப் இரண்டு.

முதலில் ஜாஸ் வகை. சுற்றுக் கம்பி, புதுசு. இரண்டு பிக்-அப்பையும் முழுக்கத் திறந்தேன். ஒவ்வொரு ஸ்வரமும் விளிம்போடு விழுந்தது. அடுத்து பிரிஸிஷன் வகை. யாரோ மாட்டிவிட்டுப்போன பழைய வழவழத்த தட்டைக் கம்பி. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். விமர்சகனுக்கு இதில் பழக்கம் உண்டு.

“ரெண்டோட சத்தத்தையும் சமமா வெச்சுட்டுக் கேளுங்க” என்றார் நண்பர்.

முதலாவது உரக்க ஒலித்தது என்பதே எனக்கு உறைக்கவில்லை. கொஞ்சம் உரத்ததைக் காது நல்லதென்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. போதாததற்குக் கடையின் சின்ன ஆம்ப்ளிஃபயரில் அடிக்கம்பியின் 41 ஹெர்ட்ஸ் அநேகமாக வருவதே இல்லை. வருவது அதன் மேலடுக்குகள்தான். மூல ஸ்வரத்தைக் காது தானே கற்பித்துக்கொள்கிறது. ஆக, நான் தீர்ப்புச் சொன்னதில் பாதி, அறையில் இல்லாத ஒன்றைப்பற்றி.

பிறகு அவர் ஒரு கிதாரை எடுத்துக் கூட வாசித்தார். கடைப் பையன் ஒரு தாள யந்திரத்தை ஓட்டினான். ஜாஸ் காணாமல் போயிற்று. அது மினுங்கிய இடத்தில்தான் கிதாரும் சிம்பலும் உட்கார்ந்திருந்தன. இரண்டு பிக்-அப்பும் சேர்ந்தால் நடு ஒலியில் ஒரு குழி விழுகிறது. (வாத்தியத்தின்மேல் பழி இல்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் 1976 இசைத்தட்டில் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸைப் பாடவே வைத்தார்.) பிரிஸிஷனின் மக்கிய ஒலி எதன்மேலும் இடிக்காமல் அடியில் நின்றது. நின்றது என்பதுகூட, நான் வாசிப்பதை நிறுத்தியபோதுதான் தெரிந்தது. சட்டென்று கிதார் அந்தரத்தில் தொங்கியது.

அறுபதுகளில் டெட்ராய்ட்டின் மோடவுன் பாட்டுக்களில் ஜேம்ஸ் ஜேமர்ஸன் வாசித்தது தட்டைக் கம்பி போட்ட பிரிஸிஷனில்தான். உலகம் கேட்டது. அவர் பெயர் இசைத்தட்டு அட்டையில் அச்சாக, 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வரவேண்டியிருந்தது.

இரண்டாவதையே வாங்கினேன். ஜி கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டைத் தாண்டி ஓரிடத்தில் ஸ்வரம் சீக்கிரம் செத்துவிடுகிறது. இந்த வார்ப்பில் அது சகஜம். தெரிந்துதான் வாங்கினேன்.

பஸ்ஸில் உறையை நண்பர் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய தொகுப்பை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்த இன்னொரு தொகுப்பைப் படித்து முடித்த கையோடு படித்தேன் என்பது சைதாப்பேட்டை தாண்டும்போது ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

“கம்பிய மாத்திடாதீங்க” என்றார் அவர்.