மழை நாட்களின் பற்று

சட்டைப் பையில் அடங்கும் சின்னக் குறிப்புப் புத்தகம். அட்டையில் 555 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சாடின் டின் எல்லாம் அந்த 555 புத்தகத்தில்தான் பற்றாக ஏறும். சம்பள நாளில் அடைபடும்.

எங்கள் தோட்டத்து மளிகைக் கடை மாமாவுக்கு எங்கள் வீட்டு வரும்படி அத்துப்படி. விடியலில் மழை பிடித்தால் மரம் நனைந்துவிடும். வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆண்டின் முதல் மாதங்களில் மரங்கள் இலை உதிர்க்கும்போது பாலும் சுருங்கிப்போகும். அப்போதெல்லாம் அம்மா கடை வாசலில் தயங்கி நிற்பார். "ஏம்மா நிக்கிற? மழ விட்டா வெட்டப் போறதானே, எடுத்துட்டுப் போம்மா" என்று மாமாவே அரிசியை நிறுத்துக் கொடுப்பார். எங்கள் கெட்ட மாதத்தில் பாதி அவருடைய கெட்ட மாதமாகவும் இருந்தது. அதனால்தான் டவுனில் விலை குறைவு என்று தெரிந்தும் அம்மா வேறு கடைக்குப் போகவில்லை.

பற்றிலேயே மூழ்கிய குடும்பங்களும் உண்டு. சம்பளம் கைக்கு வருமுன்பே தீர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனமில்லை.

ஆனாலும் நேரில் போய்ப் பேசிச் சேர்த்த நம்பிக்கைக்கு இங்கே பெரிய சாட்சி இருக்கிறது. பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற துண்டாடலில் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால் வெட்டுகிறவர்களிடம் பேசினார். அவர்கள் கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

எங்கள் தோட்டம் செம்பனையாகிவிட்டது. நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது மளிகை கைப்பேசியில். புள்ளிகள் சேர்கின்றன, பிறந்தநாளுக்குக் கழிவு வருகிறது. அப்பா தவறிய மாதம் நான் எதுவும் வாங்கவில்லை. "உங்களைக் காணவில்லையே!" என்று ஒரு செயலியிலிருந்து செய்தி வந்தது, கூடவே கழிவுச் சீட்டு. தோட்டத்தில் ஒரு சாவு என்றால், மாமா கடையைப் பாதி சாத்திவிட்டுக் காப்பித்தூளும் சீனியும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். அந்தச் செய்தியைப் படித்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். அழுகையே வந்துவிட்டது.

வாங்கிவிட்டுப் பிறகு கட்டும் வசதி செயலிகளிலும் இருக்கிறது. தவணை தவறினால் தாமதக் கட்டணம் தானாக ஏறும். அன்று மழையா, வீட்டில் சாவா என்று அது கேட்பதில்லை. இணைய வியாபாரம் செய்யும் நம் பிள்ளைகள் அந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேட்கப் பழக வேண்டும் என்று ஏங்குகிறேன்.

இங்கே வாட்ஸ்அப்பில் மசாலைத்தூள் விற்கும் ஒரு பெண் கேட்கிறாள். "அக்கா, அம்மாவுக்கு வயித்துப் புண்ணுன்னு சொன்னீங்களே, காரத்தக் குறைச்சு அரைக்கட்டுமா?" அவளிடம் புள்ளியும் இல்லை, கழிவும் இல்லை. தூள் வரச் சில நாளாகும். நான் காத்திருந்து அவளிடமே வாங்குகிறேன்.