வாயில் பாட்டு இருக்கட்டும்!

வேதாரண்யத்தில் பைக்கைக் கிளப்பினால், மூன்று நான்கு பாட்டு முடிவதற்குள் கோடியக்கரை வந்துவிடும். அகஸ்தியன்பள்ளியைத் தாண்டினால் உப்பளங்கள், வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள், முகத்தில் அடிக்கும் கடற்காற்று. இந்தச் சாலையில் ஹெல்மெட்டுக்குள் இயர்போனைச் செருகி, பிடித்த பாட்டைக் கேட்டுக்கொண்டே போவது சுகமாகத்தான் இருக்கும்.

ஆனால், அந்தச் சுகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வண்டி வேகமெடுக்க எடுக்க, ஹெல்மெட்டைச் சுற்றிக் காற்றின் இரைச்சலும் கூடும். அதை மீறிப் பாட்டுக் கேட்க, சத்தத்தைக் கூட்டத்தான் வேண்டும். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது நிபுணர்கள் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம்தான்!

காது கெடுவதற்காவது வருடங்கள் ஆகும். சாலையில் அப்படியில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். எதிரே வருவதைக் கண் பார்த்துக்கொள்ளும். பின்னால் வரும் உப்பு லாரியையும் மீன் வண்டியையும் பக்கக் கண்ணாடி கொஞ்சம் காட்டும், மீதியைக் காதுதான் சொல்ல வேண்டும். 1967-லிருந்து கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம். வெளிமான், புள்ளிமான், மட்டக்குதிரை எல்லாம் திரியும் இடம். 'தம்பி, பார்த்துப் போ!' என்று யாராவது குரல் கொடுத்தால், அது காதில் விழ வேண்டாமா?

பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலை முந்தானை பறந்து சக்கரத்துப் பக்கம் போகிறது. 'நிறுத்துப்பா, நிறுத்துப்பா' என்று அவர் பதறுகிறார். மகன் காதிலோ பாட்டின் சரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. தோளைத் தட்டி அவனுக்குப் புரியவைப்பதற்குள் என்ன வேண்டுமானாலும் நடந்துவிடலாம்.

அப்படியென்றால் பயணத்தில் பாட்டே கூடாதா? இந்த மண்ணில் அப்படிச் சொல்லவே முடியாது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துவந்த உப்பு சத்தியாகிரகத் தொண்டர்கள், நாமக்கல் கவிஞரின் பாட்டைப் பாடிக்கொண்டேதான் வந்தார்கள். டெல்டா வயல்களில் நாற்று நட்ட பெண்களும் பாடினார்கள், கடலில் வலை இழுத்தவர்களும் பாடினார்கள். அவர்கள் எல்லோருக்கும் பாட்டு வாயில் இருந்தது. காது திறந்தே இருந்தது. பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் கேட்டது.

பிடித்த பாட்டை ரசித்துத்தான் கேட்க வேண்டும் என்றால், வண்டியை ஓரங்கட்டி, ஒரு மர நிழலில் நின்று நிதானமாகக் கேட்கலாம். அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் போகிறவர்களுக்கு, வெளிநாட்டிலிருந்து வலசை வந்திருக்கும் பறவைகளின் கச்சேரி இலவசம்.

வண்டி ஓடும்போதே பாட்டு வேண்டுமா? தாராளமாக வாய்விட்டுப் பாடலாம். சுருதி சேரவில்லை என்று உப்பளத்தில் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பின்சீட்டில் இருப்பவர்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்!