கேட்க ஆளில்லாத இடம்

கடவுள் அன்பானவர் என்கிறீர்கள், அதே மூச்சில் அவருக்குப் பயப்படு என்றும் சொல்கிறீர்கள். இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று வாலிபர் கூட்டங்களில் பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 'சாமி கண்ணைக் குத்தும்' என்று மிரட்டிச் சோறூட்டிய நாடு இது. அந்த மிரட்டலைத்தான் பல வீடுகளில் இன்னும் தேவபயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சீனாய் மலையடிவாரத்தில் இடியும் மின்னலுமாக மலை புகைந்தபோது ஜனங்கள் நடுங்கிப்போய்த் தூரத்தில் நின்றார்கள். அப்போது மோசே சொன்ன பதிலை யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் நிதானமாகப் படித்துப் பாருங்கள். பயப்படவேண்டாம் என்று தொடங்குகிறார். பாவத்துக்குக் கை நீளாதபடி தேவபயம் உங்கள் கண்முன் இருக்கட்டும் என்று முடிக்கிறார். ஒரு பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கிறார். அவர் எடுத்தது, தோட்டத்தில் சத்தம் கேட்டதும் மரங்களுக்குள் ஒளிந்துகொண்டானே ஆதாம், அவனுடைய பயம். வைத்தது, கிட்டே நின்று பழகுகிறவனின் பயம். மணப்பாட்டுக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "கடலுக்குப் பயப்படாதவன நாங்க வள்ளத்துல ஏத்தமாட்டோம் சார்." தினமும் விடியுமுன்னே கடலுக்குப் போகிறவர் அவர்.

மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறு ஞானோபதேசத்தில், பத்துக் கற்பனைகளில் ஒவ்வொன்றையும் விளக்கும்போது பயத்தையும் அன்பையும் சேர்த்தே வைத்தார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழில் கொடுத்தார். இரண்டையும் பிரிக்காமல் மனப்பாடம் செய்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ தலைமுறை. அவற்றைப் பிரித்துவிட்டுப் பிறகு முடிச்சுப் போடத் தெரியாமல் தவிப்பது பிற்காலத்து வேலை.

ஆனால் ஒருவரிடம் தேவபயம் இருக்கிறதா என்பதை எங்கே பார்ப்பது? ஜெபத்தில் அது தெரியாது. இத்தனை வருஷம் கோயில் வாசலில் நின்று பார்த்ததில் இவ்வளவு எனக்கு உறுதி.

எங்கள் ஊரில் ஒரு பீடிக் கடை இருந்தது. பெண்கள் வீட்டில் சுற்றிய பீடியை 25 பீடிக்கு ஒரு கட்டாகக் கட்டிச் சுளகில் அடுக்கிக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். கடைக்காரர் ஒரு கட்டை எடுத்து நுனியை விரலால் நசுக்கிப் பார்த்து, 'கழிவு' என்று ஓரமாகப் போடுவார். கழிவுக்குக் கூலி கிடையாது. சாயங்காலம் அந்தக் கட்டுகளும் மற்றவற்றோடு சேர்ந்தே லாரி ஏறும். ஏன் என்று கேட்டவளுக்கு மறுநாள் இலை கிடைக்காது. அதே மனிதர் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரேயொரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் விலை ஏற்றி எடுப்பார், சபையே கைதட்டும். கண்ணீர்விட்டு ஜெபிப்பார். அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். நரகத்துக்கு அவர் மெய்யாகவே பயந்தார். வரிசையில் நின்ற பெண்ணைப் படைத்தவருக்குப் பயப்படவில்லை.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை நாம் அதிகம் திறப்பதில்லை. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்று அங்கே ஒரு கட்டளை இருக்கிறது. அடுத்த வசனத்தில் காதுகேளாதவரைத் திட்டாதே, கண் தெரியாதவர் வழியில் தடுக்கலைப் போடாதே என்று சொல்லி, உன் தேவனுக்குப் பயந்திரு என்று முடிகிறது. நன்றாகக் கவனியுங்கள் பிள்ளைகளே. திட்டியது அவர் காதில் விழப்போவதில்லை. கல்லை வைத்தது யாரென்று இவருக்குத் தெரியப்போவதில்லை. சாட்சியில்லை, வழக்கில்லை, திருப்பி அடிக்க ஆளில்லை. சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்தில்தான் மோசே தேவபயத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். எளியவனுக்குக் கேட்க நாதியில்லை என்று ஊர் சொல்லும். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அறிந்து கையை மடக்கிக்கொள்வதுதான் தேவபயம்.

அந்தப் பயம் உள்ளவர்களையும் கண்டிருக்கிறேன். எங்கள் சேகரத்தில் முன்பிருந்த பொருளாளர் ஒருவர், ஆராதனை முடிந்து வெஸ்டரியில் காணிக்கை எண்ணும்போது கூட இருப்பவர் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் தானும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். மேஜைமேல் கசங்கிய நோட்டுகள் குவிந்து கிடக்கும். சில்லறை பாதி எண்ணியபடி இருக்கும். "ஐயா, உங்களை யார் சந்தேகப்படப்போகிறார்கள்?" என்று கேட்டேன். "ஊர் சந்தேகப்படாது தம்பி. நாந்தான் என்னை நம்பலை" என்றார். வெட்கமோ பெருமையோ அந்தக் குரலில் இல்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்துத்தான் அனுப்பினார். தன்னைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

நெகேமியாவைப் பாருங்கள். யூதாவுக்கு 12 வருஷம் அதிபதியாக இருந்தவர். அவருக்கு முன்பிருந்தவர்கள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும், போதாதென்று 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். இவருக்கும் அந்த உரிமை உண்டு. வாங்கினால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆனால் பஞ்சத்துக்கும் ராஜாவின் வரிக்கும் வயலை அடகு வைத்து, பெற்ற பிள்ளைகளையே அடிமையாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஜனம் அது. அவருடைய பந்தியில் தினமும் 150 பேர் சாப்பிட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு காளையும் ஆறு ஆடுகளும் ஆயிற்று. அத்தனையையும் தாங்கிக்கொண்டு, அதிபதிக்குரிய படியை அவர் தொடவில்லை. அதற்கு அவர் முதலில் சொல்லும் காரணம் தேவபயம்தான். உரிமை இருந்தும் கையை நீட்டாமலிருப்பதை இப்போது பிழைக்கத் தெரியாத தனம் என்கிறார்கள். சொல்லட்டும்.

இந்தப் பயம் ஆளைக் கோழையாக்கும் என்று அஞ்சவேண்டாம். எகிப்தில் எபிரெய ஆண்குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் கட்டளையிட்டபோது, அதை மீறியவர்கள் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள். தேவனுக்குப் பயந்தார்கள் என்கிறது யாத்திராகமம். பார்வோனுக்குப் பயப்பட அவர்களிடம் மிச்சமில்லை. அந்த ராஜாவின் பெயரைச் சொல்லாத அதிகாரம், இந்தப் பெண்கள் இருவரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறது.

பிள்ளைகள் இன்னொன்றும் கேட்கிறார்கள். வேலை போகிறது, வியாதி வருகிறது, செய்யாத தப்புக்குப் பழி விழுகிறது. அப்போது கடவுளிடம் ஏன் என்று கேட்டால் தேவபயம் போய்விடுமா? யோபு புத்தகத்தின் முதல் வசனமே அவன் தேவனுக்குப் பயந்தவன் என்கிறது. அவன்தான் பிற்பாடு அதிகாரம் அதிகாரமாக அவரோடு வழக்காடினான். பிறந்த நாளைச் சபித்தான். ஆனால் எழுந்து போய்விடவில்லை. சாம்பலில் உட்கார்ந்தபடி அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று சிநேகிதரோ கடவுளுக்கு வக்காலத்து வாங்கி இலக்கணம் தவறாமல் பேசினார்கள். முடிவில் யோபு பேசியதே சரி என்று தீர்ப்பானது. அந்த மூவரும் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் ஓட்டிக்கொண்டு, தங்களுக்காக ஜெபிக்கும்படி யோபிடம்தான் போகவேண்டியிருந்தது.